காசு கட்டுவதற்கு முன்பு திகதியைப் பாருங்கள்

லண்டன் கெயார் விசா, அதாவது முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் வேலைக்கான பிரித்தானிய விசா, வெளிநாட்டில் இருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு 2025 ஜூலை 22-ஆம் திகதியோடு மூடப்பட்டுவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொழும்பில், வெள்ளவத்தையில் இன்னமும் இதற்கு முற்பணம் கேட்கிறார்கள், கட்டுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் மாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கும் அன்ரி அண்மையில் வந்து, "தம்பி, என்ரை தங்கச்சியின்ரை மகள் அங்கை நிண்டு சொல்லுறாள், கெயார் விசா இப்பவும் குடுக்கினமாம். நீர் என்னெண்டால் இல்லை எண்டுறீர்" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. பிரித்தானியாவுக்குள் ஏற்கெனவே சட்டப்படி வேறு விசாவில் இருப்பவர், ஒரு கெயார் நிறுவனத்தில் குறைந்தது 3 மாதம் வேலை செய்திருந்தால், அந்த நிறுவனத்தின் மூலம் கெயார் விசாவுக்கு மாறலாம் என்று ஒரு இடைக்கால ஏற்பாடு இருக்கிறது. 2028 ஜூலை வரைக்கும் அது ஓடும். ஆகவே அங்கே நிற்கிற பிள்ளைக்கு அது திறந்த கதவு, இங்கே வெள்ளவத்தையில் இருக்கிற அன்ரியின் மகனுக்கு மூடிய கதவு. ஏஜென்சிக்காரர் அங்கே கிடைக்கிற அனுமதிக் கடிதத்தின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "பாருங்கோ, இந்த மாசத் திகதி" என்று காட்டினால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

நான் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறவன். விசா சட்டம் படித்தவன் இல்லை. ஆங்கிலப் படிவம் நிரப்புவேன், வங்கிக் கணக்கு அறிக்கையை வாசித்துப் பொருள் சொல்வேன் என்பதால் சொந்தக்காரரும் அயலவரும் கோப்போடு வந்துவிடுவார்கள். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு விதி தெரியும், எந்தத் திகதியில் இருந்த விதி என்பதுதான் தெரியாது. எங்களுக்குச் செய்தி வருகிற வழியே போனவர்களின் வாய்தான். போனவர் தான் போன வருடத்துக் கதையைச் சொல்வார், அவருக்குத் தெரிந்தது அது. அதைக் கேட்டு இங்கே ஒருவர் ஆறு மாதம் யோசித்து, இன்னொரு ஆறு மாதம் காணியை விற்க ஆள் பார்த்து, காசு கையில் வரும்போது விதி மாறியிருக்கும்.

கெயார் விசாவையே எடுங்கள். 2022 பெப்ரவரியில்தான் பிரித்தானியா பராமரிப்பு வேலையை இந்த விசாவுக்குள் சேர்த்தது. அடுத்த மாதமே இங்கே ரூபா விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர், மே மாதத்தில் 360-ஐத் தாண்டியது. எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை, மின்வெட்டு. அந்த வருடம் மட்டும் 9 இலட்சத்துக்கும் அதிகமான கடவுச்சீட்டுகள் கொடுக்கப்பட்டன. அரசாங்கமே 14/2022 சுற்றறிக்கை மூலம் அரச ஊழியர்களுக்கு 5 வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறை கொடுத்து, வெளிநாடு போய் வேலை செய்யுங்கள் என்றது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால், ஆசிரியையாக இருந்தவர், வங்கியில் இருந்தவர், தாதியாக இருந்தவர் என்று எத்தனையோ பெண்கள் பராமரிப்பு வேலைக்கு ஏறினார்கள். பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டு, "முதல் நான் போறன், ஆறு மாசத்தில கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

2024 மார்ச் 11 முதல் கெயார் விசாவில் புதிதாகப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிப்போக முடியாது என்று விதி வந்தது. அதற்கு முன்பே அந்த விசாவில் இருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. ஒரே ஒழுங்கையில் இருந்து போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவரின் விண்ணப்பம் அந்தத் திகதிக்கு முந்தியது, மற்றவருடையது பிந்தியது. ஒருவரின் பிள்ளைகள் இப்போது அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள், மற்றவரின் பிள்ளைகள் இன்னமும் இங்கே அம்மம்மாவோடு. இரண்டாவது அக்காவின் தாமதத்துக்குக் காரணம், பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் தகப்பன் பெயரை ஓர் எழுத்து மாற்றி அடித்திருந்தது. திருத்தி, திரும்பச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வாங்கி வருவதற்குள் நாள் போய்விட்டது. ஒரு குடும்பம் சேர்ந்து வாழ்வதா பிரிந்து வாழ்வதா என்பது இப்படி ஓர் எழுத்தில் போய் நிற்பதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சீ.ஓ.எஸ்., அதாவது அங்கே வேலை கொடுக்கும் நிறுவனம் தர வேண்டிய ஸ்பொன்சர் சான்றிதழ், வாங்கித் தருகிறோம் என்று இலட்சக்கணக்கில் கேட்டவர்களின் கதை வேறு. அந்தச் சான்றிதழை விலைக்கு விற்பதே அங்கே விதிக்கு விரோதம். அந்த நாட்டு உள்துறை அமைச்சு ஒரு நிறுவனத்தின் ஸ்பொன்சர் உரிமத்தைப் பறித்தால், அதில் வேலை செய்கிறவருக்கு வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும், அதற்குள் வேறு ஸ்பொன்சர் பிடிக்க வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை பிரித்தானிய அரசாங்கம் தன் இணையத்தளத்தில் எல்லாருக்கும் தெரியப் போட்டிருக்கிறது, ஒரு சதமும் செலவில்லாமல் பார்க்கலாம். எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான்: காணி உறுதியை வங்கியில் கொடுத்துக் கடன் எடுக்கிற குடும்பம், அந்தப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தமிழில் சொல்ல யாரும் இல்லை என்பதே சரி.

சம்பள வரம்பும் அப்படித்தான் ஏறியது. திறமையான தொழிலாளர் விசாவுக்கு 26,200 பவுணாக இருந்த பொது வரம்பு 2024 ஏப்ரலில் 38,700 ஆனது, 2025 ஜூலையில் 41,700. கூடவே வேலையும் பட்டப்படிப்பு மட்டத்துக்குரியதாக இருக்க வேண்டும் என்றார்கள். 2026 ஜனவரி 8-இல் இருந்து கேட்கப்படும் ஆங்கிலத் தேர்ச்சி பீ1 மட்டத்தில் இருந்து அதற்கு அடுத்த பீ2 மட்டத்துக்கு ஏறியது. நிரந்தர வதிவிடத்துக்கு 5 வருடம் என்றிருந்ததைப் பொதுவாக 10 வருடமாக்கப் போவதாக 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் (அரசாங்கத்தின் கொள்கை அறிக்கை) அறிவித்தார்கள். 5 வருடம் என்று கணக்குப் போட்டுத்தான் பலர் போனார்கள், கடனையும் அந்தக் கணக்கில்தான் எடுத்தார்கள்.

சரி, கனடா. எங்கள் ஆட்களுக்குக் கனடா என்றால் வேறு நாடு என்ற நினைப்பே கிடையாது, ஸ்காபரோவில் ஒரு மாமா இல்லாத வீடு வெள்ளவத்தையில் குறைவு. 2023-இல் விசிட்டர் விசா நிறையப் பேருக்குக் கிடைத்தது. அதுவரை இரண்டு மூன்று தரம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் வந்தது. அப்போது இன்னொரு வழியும் இருந்தது. கொவிட் காலத்தில் தற்காலிகமாகக் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, விசிட்டராகப் போனவர் அங்கிருந்தபடியே வேலை தேடி, உள்ளேயே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதை நம்பி ஓட்டோவை விற்றவர், கடையைக் கைமாற்றியவர், நகையை ஈட்டில் இருந்து மீட்டு விற்றவர் எல்லாரும் போனார்கள். அந்த ஏற்பாடு 2025 பெப்ரவரி வரை இருக்கும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் 2024 ஓகஸ்ட் 28-இல் அறிவித்து, அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். விசாவைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்துக்குத் துணிமணி வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "இப்ப போறதோ விடுறதோ" என்று கேட்டார். அவர் அதற்கு முந்தைய மாதமே வேலையை விட்டிருந்தார்.

ஒரு நாடு தன் கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அந்த நாட்டின் உரிமை, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் நீங்களே திறந்து வைத்த வழியில், நீங்களே சொன்ன முடிவுத் திகதியை நம்பி ஒருவன் பாதித் தூரம் வந்த பிறகு, ஒரு நாள் அவகாசமும் இல்லாமல் மூடுவது நியாயம் இல்லை. பிரித்தானியாவும் 2025 ஜூலை 1-இல் மாற்றங்களைப் பாராளுமன்றத்தில் வைத்து, ஜூலை 22-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மூன்று வாரம். அதில் பிரபலமான பரீட்சை நிலையத்தில் ஆங்கிலப் பரீட்சைக்கு இடம் எடுக்கவே சிரமம்.

விசிட்டராகப் போய் நின்றுவிட்டால் பிறகு அகதிக் கோரிக்கை வைக்கலாம் என்று இங்கே சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். உண்மையான ஆபத்து உள்ளவருக்கு அந்த உரிமை இருக்க வேண்டும், எங்கள் சனத்துக்கு அதன் பெறுமதி மற்ற யாரையும்விடத் தெரியும். ஆனால் 2025 ஜூனில் கனடா அரசாங்கம் முன்வைத்த சட்டமூலத்தைப் பற்றி இப்படிச் சொல்கிறவர்களில் யாரும் வாய் திறப்பதில்லை. 2020 ஜூன் 24-க்குப் பிறகு கனடாவுக்குள் வந்தவர், முதலில் வந்த நாளில் இருந்து ஒரு வருடம் கடந்து கோரிக்கை வைத்தால் அது அகதிச் சபையின் விசாரணைக்கே அனுப்பப்படாது என்பது அதில் உள்ள ஒரு பிரிவு. அந்தத் திகதிக்குப் பிறகு ஒருதரம் கலியாண வீட்டுக்குப் போய் வந்தவருக்கும் அந்த முதல் வருகையில் இருந்தே ஒரு வருடம் எண்ணத் தொடங்கும். இதைக் கேட்டதும் எத்தனை பேரின் முகம் மாறுகிறது என்று பார்த்திருக்கிறேன். இந்தப் பிரிவு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, சட்டமாகிவிட்டதா என்பதைக் கனடாவில் உரிமம் உள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் இந்த வழியில் யாரும் கால் வைக்க வேண்டாம்.

படிக்கப் போகிற பிள்ளைகளின் விடயம்தான் எனக்கு அதிகம் வருகிறது. ஏ.எல். பரீட்சை முடித்து இங்கே பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளை, அல்லது கிடைத்தும் நாலு வருடப் படிப்புக்கு ஆறு வருடம் காத்திருக்க விரும்பாத பிள்ளை. கனடாவுக்குப் படிப்புக் கட்டணத்தைத் தவிர வாழ்க்கைச் செலவுக்கென்று காட்ட வேண்டிய தொகை நெடுங்காலம் 10,000 கனடா டொலராக இருந்தது. 2024 ஜனவரியில் 20,635. 2025 செப்டெம்பரில் 22,895. எங்கள் காசில் ஏறக்குறைய 50 இலட்சம் ரூபா. அதோடு 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்து, மாகாணத்தின் உறுதிக் கடிதமும் தேவை என்றானது. அரச பல்கலைக்கழகத்தில் முதுகலை அல்லது கலாநிதிப் படிப்புக்குப் போகிறவருக்கு 2026 ஜனவரியில் இருந்து அந்தக் கடிதம் தேவையில்லை. இந்த நல்ல செய்தியை ஏனோ ஏஜென்சிகள் பெரிதாகச் சொல்வதில்லை, அவர்களுக்குத் தரகு வருவது கொலிஜ் டிப்ளோமாவில் என்பதுதான் என் அனுமானம்.

டிப்ளோமாவில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. அரச கொலிஜின் பாடத்திட்டத்தைத் தனியார் கொலிஜ் நடத்துகிற வகைப் படிப்பை 2024 மே 15-க்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு, படிப்பு முடிந்தபின் வேலை அனுமதியே இல்லை. மற்ற டிப்ளோமாக்களுக்கும் 2024 நவம்பரில் இருந்து ஆங்கிலத் தேர்ச்சியோடு, குறிப்பிட்ட துறைகளில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. பிள்ளை இரண்டு வருடம் படித்து முடிக்கிறான், வேலை அனுமதி வராது, கடன் மட்டும் இருக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன்பு, "இந்தப் படிப்புக்குப் பிறகு வேலை அனுமதி உண்டா, எந்த விதியின்படி" என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரமாட்டேன் என்றால் எழுந்து வாருங்கள்.

திருமணமானவர்களுக்கு இன்னொன்று. மனைவி படிக்கப் போனால் கணவன் திறந்த வேலை அனுமதியில் (எந்த நிறுவனத்திலும் வேலை செய்யலாம்) போகலாம் என்பது கனடாவில் 2025 ஜனவரி 21-இல் இருந்து பெரும்பாலும் 16 மாதமோ அதற்கு மேலோ நீளமான முதுகலை, கலாநிதிப் படிப்பு, சில தொழில்சார் பட்டங்கள் இவற்றுக்குத்தான். பிரித்தானியாவில் 2024 ஜனவரி முதல் தொடங்குகிற படிப்புகளில், ஆராய்ச்சி மட்டத்தில் படிப்பவரையும் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றவரையும் தவிர மற்றவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பிறகு, படிப்பு முடித்தவர் அங்கேயே நின்று வேலை தேடவும் செய்யவும் கொடுக்கிற கிராஜுவேட் விசா, அது 2 வருடத்தில் இருந்து 18 மாதமாகக் குறைகிறது, 2027 ஜனவரி 1-இல் இருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு. 2025 செப்டெம்பரில் ஒரு வருட மாஸ்டர்ஸ் தொடங்கிய பிள்ளைகள் இதை வாசித்தால், பல்கலைக்கழகம் முடிவை அறிவித்த உடனேயே, 2026 டிசெம்பர் முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள். ஆறு மாதம் என்பது வேலை தேடுகிறவனுக்குப் பெரிய காலம்.

அவுஸ்திரேலியா சுருக்கமாக: மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 அவுஸ்திரேலிய டொலரில் இருந்து 1,600 ஆகி, 2025 ஜூலையில் 2,000 ஆனது. நிராகரித்தால் அந்தக் காசு திரும்பாது. விசிட்டராகப் போய் உள்ளேயே மாணவர் விசாவுக்கு மாறுகிற வழியும் 2024 ஜூலையோடு மூடப்பட்டது.

இப்போது ஷோ மணி, விசாவுக்காகக் கணக்கில் காட்டுகிற காசு. கணக்கு வேலை செய்கிறவனாக இதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வங்கிக் கணக்கில் ஒரு மாதத்துக்குக் காசு போட்டுக் காட்டி, வட்டி எடுத்துத் திரும்ப வாங்குகிற ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள். ஆறு மாத அறிக்கையில் 40 ஆயிரம், 60 ஆயிரம் என்று ஓடிக்கொண்டிருந்த கணக்கில் திடீரென்று 60 இலட்சம் வந்து குந்தினால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது விசா அதிகாரிக்கு முதல் வேலை. காணி விற்றது என்றால் உறுதி, வாங்கியவர் காசு மாற்றிய சான்று எல்லாம் வேண்டும். பொய்யான கடிதம் செய்து கொடுத்து அகப்பட்டால் கனடா 5 வருடம் தடை போடும், பிரித்தானியா 10 வருடம் வரை, அவுஸ்திரேலியா 3 வருடம். தடை விழுவது விண்ணப்பதாரர் மேல். கடிதம் செய்து கொடுத்தவர் அடுத்த நாளும் கடை திறப்பார்.

ஏஜென்சியைச் சோதிக்க வழி இருக்கிறது. வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின், அதாவது பியூரோவின், அனுமதிப்பத்திரம் வேண்டும், அதன் தளத்தில் பெயரைத் தேடலாம். படிப்பு விசா, விசிட்டர் விசா போடுகிறவர்கள் அந்த அனுமதிக்குள் வரமாட்டார்கள், ஆகவே சுவரில் கண்ணாடிச் சட்டகம் போட்டு மாட்டியிருக்கிற வியாபாரப் பதிவுப் பத்திரத்தை உரிமம் என்று நினைக்க வேண்டாம். கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்கிறவர் குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கிற அந்த நாட்டுக் கொலிஜில் பதிந்தவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும், அவுஸ்திரேலியாவில் இருந்து ஆலோசனை சொல்கிற குடிவரவு முகவருக்கு மாரா பதிவு. இரண்டு பட்டியலும் இணையத்தில் திறந்தே இருக்கின்றன.

எங்கள் அரசாங்கத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024-இல் வெற்றுக் கடவுச்சீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் இரவிரவாக வரிசையில் படுத்திருந்தவர்களில் வடக்கில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர். யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்க 2025 செப்டெம்பர் வரை ஆனது. அதுவரை ஒரு கடவுச்சீட்டுக்காக வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து, லொட்ஜில் தங்கி, ரோக்கனுக்கு நின்று போனார்கள். வெளிநாட்டில் இருந்து இவர்கள் அனுப்பிய காசு 2022-இல் 380 கோடி டொலருக்குக் கிட்ட இருந்து 2024-இல் ஏறக்குறைய 657 கோடி டொலராக உயர்ந்தது என்று பெருமையாக அறிக்கை வருகிறது. அந்தக் காசை அனுப்புகிறவர்களில் பெரும்பாலானோர் வெள்ளவத்தைக் கோப்புக்காரர் இல்லை. வருடத்துக்கு ஏறக்குறைய 3 இலட்சம் பேர் பியூரோவில் பதிந்து போகிறார்கள், பெரும்பாலும் குவைத்துக்கும் கட்டாருக்கும் சவுதிக்கும் அமீரகத்துக்கும். வீட்டு வேலைக்குப் போகிற மலையகத்துப் பெண்ணின் ஒப்பந்தத்தை அவளுக்குத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்த ஓர் ஆள் வேண்டும். அதற்கு அந்த 657 கோடியில் இருந்து என்ன செலவழிக்கிறோம்?

வழிகள் இறுக இறுக என்ன நடக்கும் என்பதை 2022 நவம்பரிலேயே பார்த்தோம். கனடாவுக்கென்று கூட்டிப்போன 303 இலங்கையர், பெரும்பாலும் தமிழர், வியட்நாமுக்கு அப்பால் கடலில் பழுதான கப்பலில் தத்தளித்து, ஒரு ஜப்பானியக் கப்பல் ஏற்றி வியட்நாம் கரையில் இறக்கியது. திரும்பி வரமாட்டேன் என்று அங்கேயே உயிரை மாய்த்தார் ஒருவர். அதே மாதிரிக் கதைகளை இப்போது திரும்பக் கேட்கிறேன், இந்த முறை ரஷ்யா வழியாக என்று, மலேசியா வழியாக என்று. யாராவது உங்கள் வீட்டில் இப்படி ஒரு பயணத்துக்குப் பேசிக்கொண்டிருந்தால் தயவுசெய்து மறியுங்கள், சண்டை பிடித்தாவது மறியுங்கள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் இருந்து ஒருவர் கேட்கும்போது, "இஞ்சை வரலாம், பிரச்சினை இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் எந்த வருடம் எந்த மாதம், எந்த விசாவில் போனீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நாட்டு அரசாங்கத்தின் பக்கத்தில் அந்த விசா இன்றைக்கு இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்து அனுப்பினால் இன்னும் நல்லது, உங்களுக்கு அந்த மொழி வரும், அந்தத் தளம் பழக்கம்.

அன்ரியின் மகனுக்கு இப்போது மின்னியல் பயிற்சிக்குப் பின் ஜப்பான் மொழி வகுப்பில் சேரலாமா என்று பார்க்கிறோம். அங்கே திறன் தொழிலாளர் விசாவுக்கு மொழிப் பரீட்சையும் துறைப் பரீட்சையும் உண்டு, நேரம் எடுக்கும், ஆனால் முற்பணம் கேட்கிற யாரும் நடுவில் இல்லாமல் அவனே படித்து எழுதக்கூடியது. கொழும்பில் யாருக்காவது இப்படிக் கோப்பு இருந்தால் சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வீட்டில்தான், கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம். காசு ஒன்றும் வேண்டாம். முற்பணம் கட்டுவதற்கு முன்பு வந்தால் போதும்.